தண்ணீர்ப் பாடு யாருடையது?

தலைவர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். எங்கள் அக்காவைக் கிடத்தியிருந்த இடத்தில், மாலையைப் போட்டுவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். "இந்த அம்மா ஆரம்பிச்ச தண்ணிப் பாடு இந்தக் குப்பம் இருக்கிற வரிக்கும் நடக்கும், அதுக்கு நான் பொறுப்பு" என்றீர்கள். பெண்கள் எல்லோரும் அழுதோம். ஒரு வருடம் முழுதாக முடிவதற்குள் சங்கத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டீர்கள். அடுத்த மாதம் முதல் தண்ணீர் மிஷினை வெளியூர் கேன் தண்ணீர்க்காரர் நடத்துவாராம். நாங்கள் அவரிடம் கேன் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

நினைவு மலரில் இப்படியா எழுதுவது என்று எங்கள் சித்தப்பா கேட்டார். "நாலு நல்ல வார்த்த எழுதும்மா, செத்தவங்களுக்கு மரியாத" என்றார். சித்தப்பாவுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். அக்காவின் வாழ்க்கையை எழுது என்றால் அதில் தண்ணீர்தான் வரும். தண்ணீரை எழுதினால் தலைவர் வருவார். நான் என்ன செய்யட்டும்? சென்னையிலிருந்தும் காட்டூரிலிருந்தும் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. எங்கள் குப்பத்து மீனவர் கூட்டுறவு சங்கத்தின் தலைவரைத்தான் சொல்கிறேன். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா பிறந்தது ஆரம்பாக்கத்தில். நைனா, எங்கள் அப்பா, பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடித்தார். அம்மா அதைக் கூடையில் சுமந்து ரயிலேறி விற்றார். நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா பத்தாவது வரை படித்தார், நான் எட்டாவது. பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டை உடைத்த பையனின் வீட்டுக்கே போய், அவன் அம்மாவிடம் புதுச் சிலேட்டு வாங்கி வந்தவர் எங்கள் அக்கா. அவர் அழுது நான் பார்த்தது குறைவு. திட்டிப் பார்த்தது நிறைய. திட்டு வாங்கியவர்கள்தான் அவர் போனபோது அதிகம் அழுதார்கள்.

அக்காவை இந்தக் குப்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து என்னையும் இங்கேயே கட்டிக் கொடுத்தார்கள். இங்கே கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவே மணல். படகில் ஏரியைக் கடந்தால்தான் பழவேற்காடு. அங்கிருந்துதான் பஸ், ஆஸ்பத்திரி, கடை எல்லாம். கல்யாணம் முடிந்து படகிலிருந்து இறங்கியதும் அக்கா மாமியாரிடம் கேட்ட முதல் கேள்வியை இன்றும் குப்பத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"குடிக்கிற தண்ணி எங்க புடிக்கிறீங்க?"

மாமியார் கடலைக் காட்டினார், ஏரியைக் காட்டினார். "ரெண்டு பக்கமும் தண்ணிதாம்மே. எது புடிக்குதோ அத்த குடி."

உண்மையில் மணலில் குழி தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம். வெயில் காலத்தில் அதுவும் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் போட்ட டீ திரிந்துவிடும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராத மாதமே கிடையாது. பெண்கள் விடியற்காலை முழுவதும் குழிக்குள்தான் கிடந்தோம். இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. கடல் ஓரத்தில் வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான் என்று நினைத்தோம். அக்கா நினைக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, நெஞ்சுவலியில் போனார். மகள் செல்விக்கு அப்போது ஆறு வயது. ஆண் பிள்ளை இல்லை. காரியம் முடிந்த கையோடு மாமாவின் பெயரைப் பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பாடு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பாட்டு நாளில் அந்த இடத்தில் படுகிற மீனும் இறாலும் பாட்டுக்காரருக்குத்தான். அடுத்தவர் வாய் திறக்க முடியாது. சண்டை வராமல் காலங்காலமாக ஏரி நடப்பது இந்த முறையால். ஆனால் பாடு ஆம்பளைக்கு மட்டும்.

அக்கா சங்கத்துக்குப் போனார். பெண்கள் வாசல்படி ஏறாத இடம். நானும் கூடப் போனேன், பயந்துகொண்டுதான். அப்போது இருந்த பழைய தலைவர் இப்போது உயிரோடு இல்லை. கோபக்காரர், ஆனால் காது கொடுத்துக் கேட்பார்.

"இன்னாமே, இங்க வந்து நிக்கிற? பொம்பளைக்கு இன்னாத்துக்குப் பாடு? நீ போயி வல கட்டுவியா?"

"மீன் பாடு எனக்கு வேணாம் மாமா. சங்கத்து போட்டு தெனமும் காலைல மீன் ஏத்திகினு பழவேற்காடு போவுதே, திரும்பி வரும்போது இன்னா ஏத்திகினு வருது?"

"இன்னா வரும்? காத்துதான்."

"அந்தக் காத்துக்குப் பதிலா தண்ணி ஏத்திகினு வரட்டும். அந்தத் தண்ணிக்கு எங்களுக்குப் பாடு போட்டுக் குடுங்க."

அங்கே இருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "தண்ணிக்குப் பாடாம்! நாளைக்கி வெயிலுக்குப் பாடு கேப்பாளுங்க" என்றார் ஒருவர். படகு ஓட்டும் தேசப்பன் அண்ணன் மட்டும் சிரிக்காமல் தலையைச் சொறிந்தார். "நான் ஏத்திகினு வரேன் தலைவரே. ஆனா டிரம்ம நான் தூக்க மாட்டேன். இடுப்பு புடிச்சிக்கும்."

"உன் இடுப்ப நீ பத்திரமா வச்சிக்கண்ணா, நாங்க தூக்கிக்கிறோம்" என்றார் அக்கா.

பழைய தலைவர் சரி என்றார். சங்கத்துச் செலவில் பன்னிரண்டு டிரம் வந்தது. இறால் கூடையில் எல்லா வீட்டுப் பெயரையும் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கினோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரி படகில் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். முதல் சீட்டு எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவுக்கு விழுந்தது. கன்னியம்மா குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! பொங்கலுக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

மறுநாள் காலை படகு வந்தது. நாங்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். கன்னியம்மாவும் அவருடைய மகன்களும் பன்னிரண்டு டிரம்மையும் உருட்டிக்கொண்டு நேராகத் தங்கள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். சட்டி, அண்டா, வலை அலசும் தொட்டி எல்லாவற்றிலும் ஊற்றி நிரப்புகிறார்கள்.

"இன்னா கன்னியம்மா, தண்ணியெல்லாம் உன் வூட்டுக்குப் போவுது?" என்று நான் கேட்டேன்.

"பின்ன எங்க போவும்? இன்னிக்கி என் பாடு."

"அதுக்கு?"

"அதுக்கா? உன் வூட்டுக்காரரு பாட்டு நாள்ல படுற இறால ஊருக்கா பங்கு போடுறாரு? பாட்டுக்காரனுக்குத்தானே எல்லாம்? உன் பாடு வரும்போது நீ எடுத்துக்க. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

அவர் சொன்னதுதான் பாட்டு முறை. கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஆண்கள்கூட "அவ சொல்றது ஞாயந்தான்" என்றார்கள். கன்னியம்மா பேராசைக்காரர் இல்லை, வீடு தேடி வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பாதவர். பாடு என்ற வார்த்தைக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். எங்கள் எல்லோருக்கும் அதுதான். இந்தத் தப்பை எங்கள் ஏரிக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

அக்கா மணலில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு எழுந்தார். "தப்பு என்னுதுதான்டி. ஆம்பளைங்ககிட்ட இருந்து பேர எடுத்துகினேன், மொறைய மாத்தாம வுட்டுட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க. மீன் பாட்டுல பாட்டுக்காரன் எடுத்துப்பான். தண்ணிப் பாட்டுல பாட்டுக்காரி ஊத்திக் குடுப்பா. ஊருக்கெல்லாம் ஊத்தினப்புறம் கடேசிக் கொடந்தான் அவளுக்கு."

கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் சீட்டே எடுத்திருக்க மாட்டனே!" என்றார். ஆனால் ஊற்றினார். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு திட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழைய கதை. மத்தியானம் வரை ஊற்றினார். அன்று ஆரம்பித்த பாடு இன்று காலை வரை ஒரு நாள் தப்பவில்லை. பாட்டுக்காரி வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டுக்காரி போனாள். புயல் எச்சரிக்கை என்றால் முதல் நாளே இரண்டு தடவை படகு போனது. மூன்று பேர் சீட்டு எடுக்க மாட்டோம் என்று முறைத்துக்கொண்டார்கள். அக்கா அவர்கள் வீட்டுக்கும் தண்ணீரை அளவு குறையாமல் ஊற்றச் சொன்னார். இரண்டே வாரத்தில் மூன்று பேரும் வந்து சீட்டு எடுத்தார்கள்.

ஒன்று நடந்ததும் மற்றது தானாக வரவில்லை, நாங்கள் இழுத்து வந்தோம். தண்ணீருக்குப் படகு போகிறதே என்று கர்ப்பிணிகள் அதில் ஏறினார்கள். பிறகு நர்ஸ் அம்மா வாரம் ஒரு நாள் அதே படகில் இங்கே வர ஆரம்பித்தார். ரேஷன் அரிசிக்கு ஏரி கடந்து ஒரு நாள் கூலியை விட்டுக்கொண்டிருந்தோம். மாதம் இரண்டு நாள் சங்கத்துக் கட்டடத்திலேயே அரிசி போட ஏற்பாடு ஆனது. எல்லாம் சங்கத்தின் பெயரில்தான். எந்தக் கம்பெனியும் வந்து செய்யவில்லை. எங்கள் படகு, எங்கள் கட்டடம், எங்கள் கை.

அப்புறம் மிஷின் வந்தது. இதை எழுதும்போதே எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்! உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மிஷின் கேட்டு அக்கா எழுதிய மனுக்களைச் சங்கம் முத்திரை போட்டு மேலே அனுப்பியது. எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் மிஷின் பழவேற்காட்டுக் கரைக்கு லாரியில் வந்துவிட்டது. நல்ல கோடை. ஏரி வற்றி முழங்கால் அளவுதான் தண்ணீர். இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, மிஷினை ஏற்றினோம். பாதி ஏரியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

தேசப்பன் அண்ணன் என்ஜினை நிறுத்தினார். "இனிமே ஒண்ணியும் பண்ண முடியாது. முகத்துவாரத்துல தண்ணி ஏறி வரட்டும். சாய்ங்காலம் ஆவும்."

"சாய்ங்காலம் வரிக்கும் மிஷினு வெயில்ல கருவாடு ஆவணுமா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். தொடை வரை சேறு. நாங்களும் குதித்தோம். அதைக் கரையிலிருந்து பார்த்த குப்பத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஏரியில் இறங்கி எங்களை நோக்கி வந்தார்கள். கன்னியம்மா கையில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே வந்தார். கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தோம். கரைவலை இழுக்க ஆண்கள் போடும் ஏலேலோவை நாங்கள் போட்டோம்! தேசப்பன் அண்ணன் படகில் உட்கார்ந்து, "இழுங்கம்மா இழுங்க, எனக்கு இடுப்புதான் சரியில்ல" என்றார். "அண்ணா, நீ எறங்கினாவே போட்டு மிதக்கும்" என்று கன்னியம்மா கத்த, சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் சேற்றில் விழுந்தோம். படகு நகர்ந்தது. நகர்ந்ததே! கரைக்கு வந்தபோது யார் யாரென்று அடையாளம் தெரியாமல் தலை முதல் கால் வரை சேறு. மிஷின் ஓடிய அன்று முதல் தண்ணீரை அக்கா கங்கையம்மன் கோயிலுக்கு ஒரு குடம் ஊற்றினார். அடுத்த குடத்தை அன்றைய பாட்டுக்காரியிடம் கொடுத்து, "ஊத்து" என்றார்.

இப்போதைய தலைவர் அந்தச் சமயத்தில்தான் பதவிக்கு வந்தார். மிஷினுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் அலைந்து வாங்கித் தந்தவர் அவர். அதையும் எழுதுகிறேன். நன்றி மறப்பவள் இல்லை நான்.

மிஷின் வந்த பிறகும் பாடு மாறவில்லை. பாட்டுக்காரி மிஷினைப் போட வேண்டும், டேங்கைக் கழுவ வேண்டும், எல்லோருக்கும் பிடித்துக் கொடுக்க வேண்டும். செல்வி மிஷினின் பில்டர் மாற்றக் கற்றுக்கொண்டு மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. கவனிக்கவில்லை. அது சிறுநீரகத்தில் போய் நின்றது. கடைசி மூன்று வாரம் பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் செல்வியும் மாற்றி மாற்றி இருந்தோம். டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் ஊற்றியவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை தம்ளர்தான் என்று ஆகிவிட்டது. அக்கா அதற்கும் சிரித்தார். போவதற்கு முதல் நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கி யாரு பாடு?"

"உன் பாடுதான்க்கா. செல்வி ஊத்தப் போயிருக்கிறா."

"மொதக் கொடத்த எடுத்து வச்சிகினாளா?"

"இல்லக்கா. கடேசிதான் எடுப்பா."

"கன்னியம்மாவ பாத்துக்கச் சொல்லு. செல்வி சின்னப் பொண்ணு, அவசரக்காரி" என்றார். மறுநாள் போய்விட்டார்.

இனி நோட்டீஸ் கதை. அதைப் பார்த்த அன்றே நான், செல்வி, கன்னியம்மா மூவரும் சங்கத்துக்குப் போனோம். தலைவர் நாற்காலியில் இருந்தார்.

"இன்னா தலைவரே, மிஷின வெளியாளுக்குக் குடுக்குறியாமே?" என்று கன்னியம்மாதான் முதலில் கேட்டார்.

"பொம்பளைங்க டேங்காண்ட சண்ட போடுறீங்க. மிஷினு ரிப்பேர் ஆவுது. தெரிஞ்சவன் கையில இருந்தா ஒழுங்கா நடக்கும்."

"சண்ட போடாம எந்த வூட்ல சோறு ஆக்குறாங்க?" என்றார் கன்னியம்மா.

"மிஷினு ரிப்பேர் ஆயி என்னிக்கி தண்ணி நின்னுச்சு மாமா? ஒரு நாள் சொல்லுங்க" என்றாள் செல்வி.

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்கல்லாம் சங்கத்துல மெம்பரா? மெம்பரு யாராச்சும் கேட்டா பதில் சொல்றேன். போங்க."

எங்களுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றினோம், படகு இழுத்தோம், மனு எழுதினோம். எங்களில் ஒருத்தி பெயர்கூடச் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் இல்லை. அக்கா பெயரே இல்லை! சாகும்வரை அவர் அதைக் கேட்கவில்லை. அது அக்கா செய்த தப்பு, தங்கை நான் சொல்கிறேன். பாட்டைக் கேட்டு வாங்கினார், உறுப்பினர் ஆவதைக் கேட்டு வாங்காமல் விட்டார்.

அந்தத் தப்பைத் திருத்தக் குப்பமே கிளம்பியது. போட்டோ எடுக்கிறவரைப் பழவேற்காட்டிலிருந்து படகில் கூட்டி வந்தோம். கோயில் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தோம். கன்னியம்மா பவுடர் அப்பிக்கொண்டு வந்தார். "சிரிக்காதீங்கம்மா, விண்ணப்பத்துக்கு" என்றார் போட்டோக்காரர். "இத்தினி வருசம் கழிச்சி மெம்பரு ஆவுறேன், சிரிக்காம அழுவவா?" என்று கன்னியம்மா பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அவர் படம் இருக்கிறது. செல்வி எல்லா விண்ணப்பமும் பூர்த்தி செய்தாள். வீட்டுக்கு ஒரு பெண், ஒரு வீடு விடாமல். கையெழுத்துத் தெரியாதவர்கள் மூன்று நாள் எழுதிப் பழகிக் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்வலமாகப் போய்ச் சங்கத்துச் செயலாளர் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் ஆகிறது. சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கேட்டால், மீன் பிடிக்கிறவர்கள்தான் மீனவர் என்று தலைவர் சொல்வதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பிடித்து வருவதைக் கரையில் வாங்கி, உரித்து, உலர்த்தி, தலையில் சுமந்து திருப்பாலைவனம் வரை போய் விற்கிறவள் வேறு யாராம்?

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவைப் பொன்னேரிக்குக் கொண்டுபோகவும், திரும்பக் கொண்டுவரவும், இரண்டு முறையும் படகை ஆடாமல் ஓட்டிய தேசப்பன் அண்ணனுக்கு. திரும்பி வந்தபோது அவர்தான் முதலில் தோள் கொடுத்தார், இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த கன்னியம்மாவுக்கும் தெருக்காரர்களுக்கும். காரியத்துக்கு அரிசி அனுப்பிய காட்டூர் உறவினர்களுக்கு. வாரம் தவறாமல் வந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கு. திட்டிக்கொண்டே இந்த மலருக்கு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்த சித்தப்பாவுக்கு. பந்தல் போட்டுக் கொடுத்த தலைவருக்கும் நன்றி. பந்தலுக்கு மட்டும்.

தலைவர் அவர்களே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். நானே கொண்டுவந்து தருவேன். நினைவு நாளுக்கு மறுநாள் காலை கோயில் முன்பு சங்கப் பேரவைக் கூட்டம் என்று நீங்களே தண்டோரா போட்டிருக்கிறீர்கள். வந்த உறவினர்களையும் உடனே ஊருக்குக் கிளம்பாமல், இருந்து கேட்டுவிட்டுப் போகச் சொல்லப்போகிறேன். பெண்கள் எல்லோரும் வருகிறோம். பின்னால் நிற்க மாட்டோம், முன்னால் உட்காருவோம். நீங்கள் அறைக்குள் என்னிடம் தனியாகப் பேச வேண்டாம், செயலாளரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எங்கள் விண்ணப்பக் கட்டை எடுத்து வாருங்கள். மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். பெயர் வந்ததும் அந்தப் பெண் எழுந்து நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்து, நீ மீனவர்தான் என்றோ, இல்லை என்றோ, ஊர் கேட்கச் சொல்லுங்கள். முழுக் கட்டும் முடிகிற வரை நாங்கள் உட்கார்ந்திருப்போம். சொல்லுங்கள் தலைவரே.